டயாலிசிஸ் தண்ணீரையும் மருந்தைப் போலச் சோதியுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலர் அவர்களுக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

டயாலிசிஸ் பிரிவுகளில் வேலை செய்யும் தொழில்நுட்பர்கள், செவிலியர்கள், நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டில் டயாலிசிஸ் ஏழை வீடுகளுக்கும் எட்டிவிட்டது. காப்பீட்டு அட்டை இருந்தால் கைப்பணம் இல்லாமல் சிகிச்சை நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் வீட்டுக்கே திரவப் பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இவற்றின் அருமை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எத்தனை கட்டில், எத்தனை இயந்திரம், மாதத்துக்கு எத்தனை சிகிச்சை என்று கணக்கெடுக்கும் அளவுக்கு, அந்த இயந்திரங்களுக்குள் ஓடும் தண்ணீரை நாம் கணக்கில் எடுப்பதில்லை. இந்த மடல் அதைப் பற்றி மட்டுமே.

ஒரு டயாலிசிஸ் இயந்திரம், சுத்திகரித்த நீரில் உப்புகள் கலந்த கரைசலை நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் ஓட்டுகிறது. 4 மணி நேரத்தில் அது 120 லிட்டர். வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்கு 360 லிட்டர். இரண்டே முறை வருபவருக்கும் 240 லிட்டர். நல்ல உடல்நலத்தோடு இருப்பவர் ஒரு வாரத்தில் குடிப்பது 15, 20 லிட்டரைத் தாண்டாது. அதிலும் அவர் குடிப்பது குடல் வழியாக வடிகட்டப்பட்டு, மிஞ்சிய கெடுதலைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த இரண்டு காவலும் கிடையாது. அவருடைய ரத்தத்துக்கும் அந்த 120 லிட்டருக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு சவ்வு மட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சிறு மூலக்கூறு எதுவானாலும் அந்தச் சவ்வைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும்.

ஆகவேதான் "குடிக்கத் தகுந்த நீர்" என்ற சான்றிதழ் டயாலிசிஸுக்குப் போதாது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர் தரம் ஃப்ளூரைடை லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதிக்கிறது. டயாலிசிஸ் நீரில் அது 0.2-ஐத் தாண்டக் கூடாது. அலுமினியம் குடிநீரில் 0.03, வேறு வழியில்லாதபோது 0.2; டயாலிசிஸ் நீரில் 0.01. குடிநீரில் குளோரின் மிச்சம் 0.2 மில்லிகிராமாவது இருந்தே ஆக வேண்டும், அதுதான் கிருமியைத் தடுக்கும். டயாலிசிஸ் நீரில் மொத்தக் குளோரின் 0.1-க்கு மேல் இருந்தால் நோயாளியை இயந்திரத்தில் சேர்க்கவே கூடாது. குழாயில் வரும் தண்ணீரைப் பாதுகாப்பாக்க நகராட்சி எதைச் சேர்க்கிறதோ அதையே முழுவதும் எடுத்துவிட்டு உள்ளே விட வேண்டியிருக்கிறது.

தவறினால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. 1987-ல் பிலடெல்பியாவில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாவது) கலந்த நீர் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் சிவப்பணுக்களைச் சிதைத்தது. 1993-ல் சிகாகோவில் அயனி நீக்கும் கலன் தீர்ந்துபோன பிறகும் ஓடியதால், அதுவரை பிடித்து வைத்திருந்த ஃப்ளூரைடை அது மொத்தமாக விடுவித்தது. மூன்று பேர் இறந்தார்கள். 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்காமல் லாரியில் கொண்டுவந்த நீர்த்தேக்கத் தண்ணீரில் இருந்த பாசி நஞ்சு ஈரலைத் தாக்கி 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதே ஆண்டு கியூராசோ தீவில் புதிதாகப் போட்ட குடிநீர்க் குழாயின் சிமென்ட் உட்பூச்சிலிருந்து அலுமினியம் கரைந்து வந்து 10 நோயாளிகள் மாண்டார்கள். லாரித் தண்ணீர், குழாய் மாற்றம், கெடு தாண்டிய வடிகலன், குளோரின். இந்த நான்கும் நம் ஊர் மருத்துவமனைகளிலும் அன்றாட விஷயங்கள்.

இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மேலாளர்கள் பலர் நம்புகிறார்கள். டயாலிசிஸ் இயந்திரம், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தலை அளக்கும், வெப்பத்தை அளக்கும், ரத்தக் கசிவையும் காற்றுக் குமிழியையும் கண்டுபிடிக்கும். குளோரின், ஃப்ளூரைடு, பாக்டீரியா, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நஞ்சு எதையும் அதனால் உணர முடியாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே நஞ்சு உள்ளே போக முடியும்.

முதலில் கார்பன் ஃபில்டர், அதாவது கரி வடிகலன். எங்கள் அறையில் இருக்கும் எல்லாக் கருவியிலும் உயிரைக் காப்பது இதுதான். மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். ஆர்.ஓ. மெம்ப்ரேன் குளோரினை நிறுத்தாது. மாறாக, குளோரின்தான் மெம்ப்ரேனைத் தின்னும். ஆகவே குளோரினையும் குளோரமினையும் கரியிடம் மட்டுமே ஒப்படைத்திருக்கிறோம். கரிக்கு வேலை செய்ய நேரம் வேண்டும். தண்ணீர் கரிப் படுகையைக் கடக்க மொத்தம் 10 நிமிடமாவது ஆக வேண்டும். இரண்டு கலன்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் என்பது நடைமுறை. கணக்கு எளிது. மணிக்கு 500 லிட்டர் தரும் ஆர்.ஓ., வடிகாலுக்குப் போவதையும் சேர்த்து மணிக்கு ஏறத்தாழ 1,000 லிட்டரை உள்ளே இழுக்கும். அது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 17 லிட்டர். 10 நிமிடத்துக்கு 170 லிட்டர் கரி தேவை, அதாவது கலனுக்கு 85. கலனின் வெளி அளவை வைத்து இதைக் கணக்கிடக் கூடாது. உள்ளே இருக்கும் கரியின் அளவு மட்டுமே கணக்கு. பின்னலசலின்போது, அதாவது நீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும்போது, கரி விரிய மேலே காலியிடம் விட்டிருப்பார்கள். இந்தக் கணக்கைப் போடாமல், வீட்டுக் குடியிருப்புக்கு விற்கும் அதே ஒற்றை உருளையைப் பொருத்தி "கார்பன் ஃபில்டர் உண்டு" என்று ஒப்பந்தப் படிவத்தில் டிக் போட்டால், ஆய்வுக்கு வருபவர் அதைப் பார்த்து நிறைவடைவார்; தண்ணீர் இரண்டு மூன்று நிமிடத்தில் அதைக் கடந்துவிடும்.

இன்னொன்று, கரியைப் பின்னலசினால் புத்துயிர் வந்துவிடும் என்ற தவறான எண்ணம். பின்னலசல் அழுக்கை வெளியேற்றும், இறுகிய படுகையைத் தளர்த்தும். கரியின் உறிஞ்சும் திறன் தீர்ந்தது தீர்ந்ததுதான், மாற்ற வேண்டும். பழைய கரியைச் சூடாக்கி மீண்டும் விற்பதை டயாலிசிஸுக்கு வாங்கவே கூடாது. உறிஞ்சும் திறனைக் காட்டும் அயோடின் எண் 900-க்குக் குறையாத புதிய கரி, மாற்றிய தேதியைக் கலன் மீதே எழுதிய சீட்டு, இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

குளோரினை எப்படிச் சோதிப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் மஞ்சள் நிற குளோரோஸ்கோப்பை டயாலிசிஸ் அறையிலும் பயன்படுத்துகிறார்கள். குளோரின் போதுமான அளவு இருக்கிறதா என்று காட்ட உருவானது அது. 0.1-க்குக் கீழே துல்லியமாகப் பிரித்துக் காட்ட அதனால் ஆகாது. வேண்டியது டி.பி.டி. என்ற நிறங்காட்டி வேதிப்பொருளைக் கொண்டு மொத்தக் குளோரினை அளக்கும் கருவி. "மொத்த" என்ற சொல்லை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். தனிக் குளோரினை மட்டும் அளந்தால் குளோரமின் கண்ணில் படாது. இங்கே யாரும் குளோரமினைத் தண்ணீரில் சேர்ப்பதில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். சாக்கடை கசியும் கிணற்றிலோ போர்வெல்லிலோ அம்மோனியா இருக்கும். அதில் பிளீச்சிங் பவுடர் போட்டவுடன் குளோரமின் தானாக உருவாகும். நெரிசலான நகரங்களின் போர் தண்ணீருக்கு இது நன்றாகவே பொருந்தும்.

சோதிக்கும் முறை இது. ஆர்.ஓ. குறைந்தது 15 நிமிடம் ஓடிய பிறகு, முதல் கலனுக்கும் இரண்டாம் கலனுக்கும் நடுவே உள்ள குழாயில் மாதிரி எடுக்க வேண்டும். காலையில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கு முன்னும் ஒரு முறை. எடுத்த மாதிரியை உடனே பார்க்க வேண்டும். வைத்திருந்தால் குளோரின் பறந்துவிடும், பொய்யான நல்ல முடிவு வரும். முதல் கலனுக்குப் பின் 0.1-ஐத் தாண்டினால் இரண்டாம் கலனுக்குப் பின் சோதிக்க வேண்டும். அங்கே சரியாக இருந்தால், மணிக்கொரு முறை சோதித்துக்கொண்டு அன்றைய வேலையை முடித்து, முதல் கலனின் கரியை மூன்று நாளுக்குள் மாற்றலாம். அங்கேயும் தாண்டினால் எல்லா இயந்திரமும் அந்த நொடியே நிற்க வேண்டும். இந்தச் சோதனைக்கு 5 நிமிடம் போதும். நடுவில் மாதிரிக் குழாயே பொருத்தாத அமைப்புகள் உண்டு. அங்கே இரண்டாவது கலன் இருந்தும் அது தரும் எச்சரிக்கை அவகாசம் வீணாகிறது.

குளோரின் விஷயம் மழைக்காலத்தில் கூடுதல் கவனம் கேட்கிறது. 2015-லும் 2023 டிசம்பரிலும் வந்தது போன்ற பெருவெள்ளத்துக்குப் பிறகு உள்ளாட்சிகள் குளோரினைக் கூட்டித்தான் போடும், போடவும் வேண்டும். ஏரி, ஆற்று நீர் கலங்கிவரும்போது படிகாரத்தையும் கூட்டுவார்கள், அதனால் அலுமினியம் ஏறலாம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய மறுநாள் ஒரே அடியாகக் குளோரின் வரும். குடிநீர் வாரியப் பொறியாளருக்கு இது வழக்கமான வேலை. ஐந்து தெரு தள்ளி டயாலிசிஸ் பிரிவு இருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. சென்னையில் குடிநீர் வாரியம், மற்ற இடங்களில் குடிநீர் வடிகால் வாரியமும் உள்ளாட்சியும், தங்கள் எல்லைக்குள் இருக்கும் டயாலிசிஸ் பிரிவுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, மருந்தளவு மாற்றம், குழாய் மாற்றம், நீராதார மாற்றம் மூன்றையும் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். லாரியில் தண்ணீர் வாங்கும் மருத்துவமனை ஒவ்வொரு லாரிக்கும் குளோரினையும் மின்கடத்தலையும் பார்த்த பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். ஏனென்றால் நேற்று வந்த லாரியும் இன்று வந்த லாரியும் ஒரே இடத்தில் நிரப்பியவை என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நீரின் கடினத்தன்மையைப் பிசின் கொண்டு நீக்கும் சாஃப்ட்னரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாள் முடிவில், பிசின் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், கடினத்தன்மையைப் பார்க்க வேண்டும். காலையில் பார்த்தால் எப்போதும் நன்றாகவே இருக்கும். ஒரு விஷயம் மட்டும் முக்கியம். சாஃப்ட்னரையும் கரிக் கலனையும் இரவில் தானே அலசும் தலைப்பகுதியில் கடிகாரம் ஓடுகிறது. மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். நாலைந்து மின்தடைக்குப் பிறகு "இரவு 2 மணி" என்று அது நினைப்பது உண்மையில் காலை 9 மணியாக இருக்கலாம். நோயாளிகள் இயந்திரத்தில் இருக்கும்போது உப்புக் கரைசல் ஆர்.ஓ. பக்கம் வரும், அல்லது கரிக் கலன் அலசலுக்குப் போய்விடும். மின்கலத் தாங்குதல் உள்ள தலைப்பகுதியும், சிகிச்சை நேரத்தில் அலசலைத் தடுக்கும் பூட்டும் கேளுங்கள். அதுவரை தினமும் காலையில் அந்தக் கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிடுவது பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கட்டும்.

ஆர்.ஓ. மெம்ப்ரேனை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் ஒரே ஒரு எண்ணை மட்டும். வெளிவரும் நீரின் மின்கடத்தல் 30 மைக்ரோ சீமென்ஸ் என்றால் நல்லது என்று எழுதிவிடுவார்கள். உள்ளே போனது 1,500 என்றால் அது 98 விழுக்காடு நீக்கம், நல்லதுதான். உள்ளே போனது 300 என்றால் அதே 30 வெறும் 90 விழுக்காடு. இரண்டு எண்ணையும் எழுதி விழுக்காட்டைக் கணக்கிட்டால்தான் மெம்ப்ரேன் சரிவது தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். கூட்டுக் குடிநீர் வராத நாளில் மருத்துவமனை போருக்குத் திரும்பும். 1.5 மில்லிகிராம் ஃப்ளூரைடு உள்ள நீரில் 95 விழுக்காடு நீங்கினால் மிஞ்சுவது 0.075, கவலையில்லை. 85 விழுக்காடாகச் சரிந்தால் 0.225, வரம்பு தாண்டிவிட்டது. உரமிட்ட வயல்களுக்கு நடுவிலுள்ள கிணறுகளில் நைட்ரேட்டுக்கும் இதே கணக்குதான். மூலநீரையும் ஆர்.ஓ. நீரையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது, நீராதாரம் மாறும் ஒவ்வொரு முறையும், முழு வேதிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஃப்ளூரைடு, நைட்ரேட் போன்றவற்றைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களே பார்க்கலாம். அலுமினியம், ஈயம், ஆர்செனிக் போன்றவற்றுக்கு நுண்ணளவைக் காணும் கருவியுள்ள ஆய்வகம் வேண்டும். அதற்கு ஒரு மைய ஏற்பாடு செய்ய வேண்டியது அரசின் வேலை. இருபது கட்டில் மருத்துவமனையால் ஆகாது.

இனி எங்களுக்கு மிகுந்த கவலை தருவது. ஆர்.ஓ. தாண்டிய நீரில் குளோரின் கிடையாது. அதாவது கிருமியைத் தடுக்க அதில் எதுவுமே இல்லை. அந்த நீர் தொட்டியிலும் குழாயிலும் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் பாக்டீரியா பெருகும், குழாய்ச் சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டும். அந்தப் படலம் வந்துவிட்டால் மருந்து ஊற்றியும் முழுவதும் போகாது. பாக்டீரியா செத்தாலும் அதன் உடைந்த சுவரான எண்டோடாக்சின் தண்ணீரில் மிதக்கும். புற ஊதா விளக்கு பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர இதை எடுக்காது.

எங்கே கெடுகிறது என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். மொட்டை மாடியில் வைக்கும் தட்டை அடித் தண்ணீர்த் தொட்டியையே ஆர்.ஓ. நீருக்கும் வைப்பது, அதன் அடியில் எப்போதும் ஓர் அங்குலம் நீர் தேங்கும். வேண்டியது கூம்பு அடி, இறுகிய மூடி, காற்று வரும் வழியில் 0.2 மைக்ரான் வடிகட்டி. கட்டில் எண்ணிக்கையைக் கூட்டும்போது குழாயிலிருந்து கிளை பிரித்துவிட்டு, பிறகு கட்டிலை நகர்த்தியதும் அந்தக் கிளையை மூடிவிடுவது. மூடிய கிளையில் நீர் மாதக்கணக்கில் நிற்கும். குழாய் ஒரு வட்டமாகத் தொட்டிக்கே திரும்பி வராமல் கடைசி இயந்திரத்தோடு முடிந்துவிடுவது. சுவர்க் குழாய்க்கும் இயந்திரத்துக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு மீட்டர் ரப்பர் குழாய். சுவர்க் குழாயைக் கழுவும்போதும் அது கழுவப்படுவதில்லை, இயந்திரத்தைக் கழுவும்போதும் கழுவப்படுவதில்லை. சனிக்கிழமை இரவு ஆர்.ஓ.வை நிறுத்திவிட்டுத் திங்கள் காலையில் போடுவது. முப்பது மணி நேரத்துக்கு மேல் நின்ற நீர் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறது. டயாலிசிஸ் நீரோடு சேர்க்கும் பைகார்பனேட் கரைசலை முந்தின நாளே கலந்து வைப்பதும், கேனில் மிஞ்சியதைப் புதியதோடு ஊற்றுவதும். பைகார்பனேட் கிருமிக்கு மிகவும் பிடித்த கரைசல். கலந்த அன்றே முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், கேனை ஆர்.ஓ. நீரில் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும்.

வரம்புகள் தெளிவாக இருக்கின்றன. ஒரு மில்லிலிட்டர் நீரில் 100 கொலனிக்கு மேல் பாக்டீரியா இருக்கக் கூடாது. 50 வந்தாலே நடவடிக்கை தொடங்க வேண்டும். எண்டோடாக்சின் மில்லிலிட்டருக்கு 0.25 அலகுக்குக் கீழே, 0.125-லேயே நடவடிக்கை. மாதத்துக்கு ஒரு முறையாவது, ஆர்.ஓ. வெளியேற்றம், தொட்டி, வட்டக் குழாயின் முதல் முனை, கடைசி முனை, சுழற்சி முறையில் இரண்டு இயந்திரங்கள் என்று மாதிரி எடுக்க வேண்டும்.

இங்கேதான் பெரும் ஓட்டை. மாதிரியை வழக்கமான குடிநீர்ச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஆய்வகம் கோலிஃபார்ம் என்ற குடல் கிருமி இருக்கிறதா என்று பார்த்து "குடிக்கத் தகுந்தது" என்று எழுதித் தரும். ஆர்.ஓ. குழாயில் வளர்வது குடல் கிருமி இல்லை. சத்தே இல்லாத தண்ணீரில் மெதுவாக வளரும் சூடோமோனாஸ் போன்றவை. ரத்த அகார், மெக்காங்கி அகார் என்ற வழக்கமான ஊடகங்களில் வைத்து ஒரே நாளில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆர்2ஏ போன்ற சத்துக் குறைந்த ஊடகத்தில், அறை வெப்பத்தை ஒட்டிய 17 முதல் 23 டிகிரியில், 7 நாள் வைத்துப் பார்த்தால்தான் உண்மையான எண்ணிக்கை வரும். மாதிரி எடுக்கும் நாளும் முக்கியம். குழாயைக் கிருமிநீக்கம் செய்த மறுநாள் எடுத்தால் எல்லாம் சுத்தமாகவே வரும். அடுத்த கிருமிநீக்கத்துக்குச் சற்று முன், நிலைமை மிக மோசமாக இருக்கக்கூடிய நாளில் எடுக்க வேண்டும். குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிளீச்சிங் எதுவும் தடவாமல், கிருமிநீக்கிய புட்டியில் 50 மில்லிலிட்டருக்குக் குறையாமல் பிடித்து, ஓரிரு மணி நேரத்தில் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள். எண்டோடாக்சினுக்குத் தனிப் புட்டி. பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்ட மாநிலத்தில், அங்குள்ள நுண்ணுயிரியல் துறைகளுக்கு ஊடகத்தையும் ஒரு தனி வெப்பப் பெட்டியையும் கொடுத்து, சுற்றியுள்ள எல்லாப் பிரிவுகளின் மாதிரியையும் பார்க்கச் சொல்வது நடக்காத காரியமில்லை. கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் முறையை வகுத்துத் தரலாம்.

கிருமிநீக்கம் செய்த பிறகு மிஞ்சும் மருந்தே நஞ்சாகிவிடவும் கூடும். எல்லா இயந்திரத்தையும் கழற்றி, சுவரில் "சிகிச்சை கூடாது" என்ற அட்டை மாட்டி, பெராசெடிக் அமிலம் ஒவ்வொரு சுவர்க் குழாய்க்கும் வந்து சேர்ந்ததா என்று சோதனைத் தாளில் பார்த்து, அலசி, கடைசியில் அதே ஒவ்வொரு குழாயிலும் மிச்சம் இல்லை என்று பார்க்க வேண்டும். பார்ப்பவர் ஒருவர், கையெழுத்திட்டு உறுதி செய்பவர் இன்னொருவர்.

இவ்வளவுக்கும் பிறகு தண்ணீர் கெட்டதை முதலில் சொல்பவர் நோயாளிதான். சிகிச்சை தொடங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் குளிர் நடுக்கம், பிறகு காய்ச்சல். கழுத்தில் கதீட்டர் என்ற குழாய் உள்ளவருக்கு அது கதீட்டர் தொற்றாகவும் இருக்கலாம், அதனால் ரத்தக் கல்ச்சர் கட்டாயம். ஆனால் ஒரே ஷிஃப்ட்டில் இரண்டு பேருக்கு நடுக்கம் வந்தால், கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த வழி) உள்ளவருக்கும் வந்தால், தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நடப்பது என்ன? ஒவ்வாமையை அடக்கும் ஏவில் ஊசியும் ஹைட்ரோகார்ட்டிசோனும் போட்டு, போர்வை போர்த்தி, சிகிச்சை தொடரும். நடுக்கம் அடங்கிவிடும். எந்தப் பதிவேட்டிலும் அது எண்ணாக ஏறாது. குளோரின் சிறிதளவு கசிந்துகொண்டே இருந்தாலும் இப்படித்தான்: ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசியைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் ஒரே பிரிவில் பலருக்கு ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வரும். ஊசியின் தரத்தைச் சந்தேகிப்பார்கள், நோயாளி சரியாகச் சாப்பிடவில்லை என்பார்கள். கரிக் கலனைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. அளவு மிஞ்சினால் மட்டும் மறைக்க முடியாது: ரத்தக் குழாயில் ஒயின் நிறம், நெஞ்சு வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல். அப்போது குழாய்களைக் கவ்வியிட்டு நிறுத்த வேண்டும். வெளியில் உள்ள ரத்தத்தைத் திருப்பி ஏற்றவே கூடாது, சிதைந்த அணுக்களின் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும்.

எங்கள் கோரிக்கைகளில் முதலாவது, நடுக்கப் பதிவேடு. ஒவ்வொரு பிரிவிலும் நாள், ஷிஃப்ட், இயந்திர எண், நடுக்கம் வந்த நேரம், கதீட்டரா ஃபிஸ்டுலாவா, கல்ச்சர் முடிவு. ஒரே ஷிஃப்ட்டில் இரண்டு வந்தால் அன்றே தண்ணீர் மாதிரி, மாவட்ட இணை இயக்குநருக்கு அன்றே தகவல். பதிந்ததற்காக எவரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது. பதியாமல் விட்டதற்கு மட்டும் கேட்கலாம். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

இரண்டாவது, நிறுத்தும் அதிகாரம். குளோரின் வரம்பு தாண்டினால் பணியிலிருக்கும் தொழில்நுட்பரே நிறுத்தலாம் என்று எழுத்தில் வேண்டும். இன்று அவர் மருத்துவரைக் கேட்க வேண்டும், மருத்துவர் மேலாளரைக் கேட்க வேண்டும், வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள், பலரும் ஒப்பந்த ஊழியர்கள். நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்கவில்லை. ஒரு முறை தவறினாலே சிலருக்குப் பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இணைப் பிரிவைக் குறித்து, நின்ற அன்றே காப்பீட்டு அனுமதி அங்கே தானாக மாறும்படி செய்ய வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் மாறுவது உறுதியானால்தான் தொழில்நுட்பரின் கை நிறுத்து பொத்தானுக்குத் துணிந்து போகும்.

மூன்றாவது, பணம். சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கொடுத்தால் கரி, மெம்ப்ரேன், சோதனைச் செலவு எல்லாம் அதற்குள் மறைந்துவிடுகின்றன; செலவைக் குறைக்க வேண்டிய நாளில் முதலில் வெட்டுப்படுவது அவையே. ஒப்பந்தத்தில் தண்ணீருக்குத் தனி வரி இருக்கட்டும்: கரி மாற்றம், மெம்ப்ரேன், மாதக் கிருமிச் சோதனை, எண்டோடாக்சின், ஆண்டு வேதிச் சோதனை. சான்று வந்தால்தான் அந்தத் தொகை. மாதிரியை ஆர்.ஓ. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் எடுக்கக் கூடாது. தன் வேலைக்குத் தானே சான்று தருவதாக அது ஆகிவிடும்.

மருத்துவப் பணிகள் கழகத்துக்கு இது புதிதாகக் கற்க வேண்டிய ஒழுக்கம் இல்லை. கிடங்குக்கு வரும் மருந்தின் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மருத்துவமனைக்கு விடும் முறையை இந்தியாவுக்குக் காட்டிக்கொடுத்ததே நீங்கள்தான். பாராசிட்டமால் மாத்திரைக்கு அது உண்டு. நோயாளியின் ரத்தத்தோடு வாரத்துக்கு 360 லிட்டர் பரிமாறும் நீருக்கும் அதே கண்டிப்பை நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நான்காவதாக, முடிவுகளைப் பிரிவின் வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். இன்றைய குளோரின் அளவு, கடைசிக் கிருமிச் சோதனையின் தேதியும் எண்ணும், கரி மாற்றிய தேதி. மூன்றே வரி. வாரம் மூன்று முறை அந்த வாசலைக் கடப்பவர்கள் ஒரே மாதத்தில் அதைப் படிக்கப் பழகிவிடுவார்கள், கேள்வியும் கேட்பார்கள். அந்தக் கேள்வி எங்களுக்குத் தொந்தரவு இல்லை, துணை.

ஈரல் அழற்சி வைரஸ் பரவல், டயலைசரைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவது, ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்பவையும் இதே அளவு முக்கியமானவை. அவற்றுக்கு நெறிமுறைகள் ஓரளவு பேசப்படுகின்றன என்பதால் இங்கே தொடவில்லை.

முதல் கட்டமாக, எல்லா அரசு டயாலிசிஸ் பிரிவுகளிலும் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் பிரிவுகளிலும் மூன்று விவரங்களை மட்டும் கேட்டு வாங்குங்கள்: கரிக் கலன்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை லிட்டர் கரி, ஆர்.ஓ. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இழுக்கிறது. கரியின் லிட்டரை நீரின் லிட்டரால் வகுத்தால் நிமிடம் வந்துவிடும். 10-க்குக் குறைவாக வரும் பிரிவுகளின் பட்டியல்தான் முதலில் சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியல். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அந்தப் பிரிவுகளுக்கு இரண்டாவது கலனும் டி.பி.டி. கருவியும் போய்ச்சேர வேண்டும். தினப் பதிவேட்டுப் படிவத்தையும் தொழில்நுட்பர்களுக்கான அரை நாள் பயிற்சியையும் தமிழில் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் தொழில்நுட்பர்கள், செவிலியர்கள், ஆர்.ஓ. பராமரிப்பாளர்கள்